உங்க நம்பரும் மெயிலும் உங்க கையில தான் இருக்கா? குமரி மாவட்டத்துக்காரங்களுக்கு ஒரு கைடு

ஆன்லைன் அடையாளம்னு சொன்ன உடனே எல்லாரும் பேஸ்புக் போட்டோவையும் இன்ஸ்டா ரீல்ஸையும் தான் நினைக்கிறாங்க. அது மேல்பூச்சு. பேங்கும் கூகுளும் வாட்சப்பும் நீங்க தான் நீங்கன்னு நம்புறது ரெண்டே ரெண்ட வச்சு, ஒண்ணு மொபைல் நம்பர், இன்னொண்ணு ஈமெயில். எந்த ஆப்ல "பாஸ்வேர்டு மறந்துட்டேன்"னு அமுக்கினாலும் ஓடிபி இந்த ரெண்டுல ஒண்ணுக்கு தான் வரும். அதனால இந்த ரெண்டும் யார் கையில இருக்கோ, ஆன்லைன்ல அவங்க தான் நீங்க.

நம்ம மாவட்டத்துல இதுல ஒரு தனி சிக்கல் உண்டு. அம்மா போன்ல கிடக்குற சிம் மகன் பேர்ல, மகன் குவைத்ல. அப்பாவுக்கு ஜிமெயில் உண்டாக்கி குடுத்தது மார்த்தாண்டத்துல ஏதோ ஒரு மொபைல் கடை பையன், அந்த பாஸ்வேர்டு இப்ப அவனுக்கும் ஞாபகம் இல்ல இவருக்கும் தெரியாது. பாட்டிக்கு முதியோர் பென்ஷன் வர்ற அக்கவுண்ட்ல இருக்கது பேத்தி காலேஜ் படிக்கும்போ வச்சிருந்த பழைய நம்பர். எல்லாம் ஒழுங்கா ஓடுற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, போன் தொலையும்போதோ ஆளு மாறும்போதோ தான் வீடே வெப்ராளப்பட்டு நிக்கும்.

ஆகவே முதல் வேலை பேப்பரும் பேனாவும். வீட்ல ஒவ்வொருத்தருக்கும் நம்பர் என்ன, சிம் யார் பேர்ல, மெயில் என்ன, அந்த மெயிலுக்கு ரெக்கவரி நம்பர் எது, பேங்க்ல எந்த நம்பர், ஆதார்ல எந்த நம்பர்னு எழுதுங்க. பாஸ்வேர்டும் பின்னும் அதுல எழுத வேண்டாம். இத எழுதி முடிக்கும்போதே பாதி ஓட்டை எங்க இருக்குன்னு தெரிஞ்சிரும்.

நம்பர்

மத்திய அரசோட தொலைத்தொடர்புத் துறை 2023ல சஞ்சார் சாத்தின்னு ஒரு தளம் தொறந்தாங்க, ஆப்பும் இருக்கு. அதுல உங்க பேர்ல எத்தன மொபைல் கனெக்‌ஷன் இருக்குன்னு பாக்க ஒரு வசதி இருக்கு. நம்பர் குடுத்து ஓடிபி போட்டா லிஸ்ட் வரும், ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல இது என் நம்பர் இல்ல, இது எனக்கு வேண்டாம்னு சொல்லலாம். ஒரு ஆளுக்கு அதிகபட்சம் 9 சிம் தான் சட்டப்படி (சில மாநிலங்கள்ல 6). நீங்க வாங்காத சிம் அந்த லிஸ்ட்ல இருந்தா ஆச்சரியப்படாதீங்க, "ரேகை சரியா விழல, இன்னொருக்க வையுங்க"ன்னு சொல்லி ரெண்டாவது சிம்மையும் உங்க பேர்ல எடுத்துடுற தில்லுமுல்லு நாடு பூரா உண்டு. அந்த சிம்ம வச்சு எவனாவது யாரையாவது ஏமாத்தினா போலீஸ் முதல்ல தேடி வர்றது உங்கள தான், அதனால இந்த லிஸ்ட்ட அப்பப்ப பாத்துக்கிடுங்க.

வெளிநாட்ல இருக்கவங்க இத கொஞ்சம் கவனமா படிங்க. இந்திய நம்பர ரீசார்ஜ் பண்ணாம, யூஸ் பண்ணாம விட்டா கம்பெனி கட் பண்ணிடும், கட் ஆகி 90 நாள் கழிஞ்சா அந்த நம்பர வேற ஆளுக்கு குடுக்கலாம். இது 2023ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன விஷயம், பழைய நம்பர்ல இருக்க தகவல அழிச்சு பாத்துக்க வேண்டியது சந்தாதாரர் பொறுப்புன்னு தான் அங்க முடிஞ்சுது. அப்போ என்ன ஆகும்? உங்க பேங்க் ஓடிபி சேலத்துலயோ பாட்னாவுலயோ முகம் தெரியாத ஒருத்தர் போனுக்கு போகும். அவர் நல்ல ஆளா இருந்தா உங்க அதிர்ஷ்டம். ஒண்ணு குறைஞ்ச ப்ளான்ல சிம்ம உயிரோட வச்சிருங்க, இல்ல லீவுக்கு வரும்போதே பேங்க், ஆதார், ஜிமெயில் மூணுலயும் நம்பர மாத்திட்டு, வாட்சப்ல "சேஞ்ச் நம்பர்" குடுத்துட்டு போங்க. என்ஆர்இ, என்ஆர்ஓன்னு வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான பேங்க் அக்கவுண்ட் இருந்தா வெளிநாட்டு நம்பர்லயே யூபிஐ வச்சுக்கிட 2023ல இருந்து அனுமதி உண்டு. சவுதி, யுஏஇ, கத்தார், ஓமன் எல்லாம் அந்த முதல் பத்து நாட்டு லிஸ்ட்லயே வந்துட்டு, குவைத்தும் பஹ்ரைனும் அதுல இல்ல. உங்க பேங்க் அத குடுக்குதான்னு கேட்டுப் பாருங்க.

தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கம் ஆழ்கடலுக்கு போறவங்களுக்கு பிரச்சினை வேற மாதிரி. கரைய விட்டா வாரக்கணக்குல டவர் கிடையாது. அந்த நேரத்துல அக்கவுண்ட்ல இருந்து பணம் போனாலும் மெசேஜ் பாக்க ஆள் இல்ல. நிறைய பேரு போனையும் ஏடிஎம் கார்டையும் பின்னையும் வீட்ல மனைவிகிட்ட குடுத்துட்டு போவாங்க. நம்பிக்கை எல்லாம் சரி தான், ஆனா அதவிட ஜாயின்ட் அக்கவுண்டா மாத்தி, அவங்களுக்கு தனி நம்பர், தனி கார்டு, தனி பின்னு வச்சுக்குறது தான் ஒழுங்கான வழி. பேங்க் அலர்ட் மெயிலுக்கும் வர்ற மாதிரி வைங்க.

போன் தொலைஞ்சா என்ன செய்யணும்ங்கறத இப்பவே செஞ்சு வைக்கணும், அதாவது *#06# அடிச்சு வர்ற ஐஎம்இஐ நம்பர (அந்த போனுக்குன்னே உள்ள அடையாள எண்) அந்த பேப்பர்லயே எழுதிடுங்க. வடசேரி பஸ் ஸ்டாண்டு கூட்டத்துல போன் போச்சுன்னா போலீஸ்ல புகார், அதே நம்பர்ல டூப்ளிகேட் சிம், அப்புறம் சஞ்சார் சாத்திலயே போன ப்ளாக் பண்ற வசதி. ப்ளாக் பண்ண இந்த ஐஎம்இஐயும் புகார் காப்பியும் கேட்பாங்க.

மெயில்

மெயில நம்ம ஆளுங்க மதிக்கிறதே இல்ல, "நான் மெயில் எல்லாம் பாக்க மாட்டேன்"னு பெருமையா சொல்லுவாங்க. பாக்க வேண்டாம், ஆனா பூட்டி வைங்க. ஆண்ட்ராய்டு போன்ல உங்க போட்டோ, காண்டாக்ட்ஸ், நீங்க போன இடம், சேவ் பண்ணின பாஸ்வேர்டு எல்லாம் அந்த ஒரு ஜிமெயிலுக்குள்ள தான் கிடக்கு.

ஜிமெயில் ஆப்ல வலது மேல் மூலைல இருக்க உங்க படத்த தட்டி, கூகுள் அக்கவுண்ட்டுக்குள்ள போய், செக்யூரிட்டிக்கு போங்க. முதல்ல "யுவர் டிவைசஸ்" பாருங்க. உங்க அக்கவுண்ட் எந்தெந்த போன்ல, கம்ப்யூட்டர்ல தொறந்து கிடக்குன்னு காட்டும். வித்த பழைய போனும் நெட் சென்டர் கம்ப்யூட்டரும் அங்க இருந்தா சைன் அவுட் குடுங்க. அடுத்து ரெக்கவரி போன், ரெக்கவரி மெயில். இதுல கடைக்காரன் நம்பர் இருந்தா அந்த மெயில் உங்களது இல்ல, உடனே மாத்துங்க. அப்புறம் பாஸ்வேர்ட மாத்திட்டு, பாஸ்வேர்டுக்கு மேல இன்னொரு சரிபார்ப்பும் கேட்கிற டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் ஆன் பண்ணுங்க. அங்கேயே பேக்கப் கோட்ஸ்னு பத்து கோடு கிட்டும், அத ப்ரின்ட் எடுக்காம கையால எழுதி வீட்டுப் பத்திரத்தோட பீரோவுல வைங்க, போன் போன அன்னிக்கு அது தான் கை குடுக்கும்.

பழைய பாஸ்வேர்டே தெரியாதேன்னா, போன்ல லாகின் ஆகியே இருந்தா பெரும்பாலும் அந்த போன் லாக்க வச்சே புதுசு போட்டுடலாம். அதுவும் முடியலன்னா புதுசா ஒரு மெயில் உண்டாக்கி, பேங்க், பாஸ்போர்ட், பிஎஃப்னு ஒவ்வொண்ணா அதுக்கு மாத்துறது தான் வழி, சவம் ரெண்டு நாள் வேலை, ஆனா பண்ணித்தான் ஆகணும். ரெண்டு வருஷம் தொடாம விட்ட அக்கவுண்ட்ட கூகுள் அழிக்கலாம்னு 2023ல விதி கொண்டு வந்துட்டாங்க, அதனால "அந்த பழைய மெயில் எங்கயோ கிடக்கும்"னு நினைக்க வேண்டாம்.

பாஸ்வேர்டு பத்தி ஒண்ணு. பிறந்த தேதி, கல்யாண தேதி, பிள்ள பேரு வைக்காதீங்க. நம்ம ஊர்ல கல்யாணம்னா மணமக்கள் பேரு, தேதி, ரெண்டு பக்கத்து அப்பா அம்மா பேரு, வேலை, வீட்டுப் பேரு எல்லாம் ஜங்ஷன்ல இருபதடி ஃப்ளெக்ஸ்ல தொங்குது, அதுல எத வச்சாலும் ரகசியம் இல்ல. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத நாலு தமிழ் வார்த்தைய இங்கிலீஷ் எழுத்துல சேர்த்து அடிச்சா நீளமாவும் இருக்கும், மறக்கவும் செய்யாது. மெயிலுக்கு வச்சத வேற எங்கயும் வைக்கக் கூடாது, மத்ததுக்கு போன்ல இருக்க பாஸ்வேர்டு மேனேஜரே போதும்.

வாட்சப்

செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன். ஆறு இலக்க பின் போடுங்க. ஓடிபி எப்படியோ ஒருத்தன் கைக்கு போனாலும் இந்த பின் இல்லாம உங்க வாட்சப்ப அவன் போன்ல ஏத்த முடியாது. மொத்தமே ஒரு நிமிஷம் ஆகும், ஆனா பத்து பேர்ல எத்தன பேரு போட்டிருக்காங்கன்னு உங்க வீட்லயே கேட்டுப் பாருங்க.

அடுத்தது லிங்க்டு டிவைசஸ். ஆதார் காப்பி எடுக்க நெட் சென்டர்ல வாட்சப் வெப் தொறந்துட்டு அப்படியே எழும்பி வந்திருப்பீங்க, உங்க சாட் எல்லாம் அந்த கம்ப்யூட்டர்ல ஓடிட்டே இருக்கும். அங்க போய் தெரியாதது எல்லாத்தையும் லாக் அவுட் பண்ணுங்க. நெட் சென்டர் நடத்துறவங்கள குத்தம் சொல்லல, அந்த சேர்ல அன்னைக்கு உங்களுக்கு அப்புறம் எத்தன பேரு உக்காருறாங்கன்னு அவங்களுக்கே தெரியாது.

அப்புறம் குரூப். அன்பியம் குரூப், ஊர்வகை குரூப், பத்தாங்கிளாஸ் பேட்ச் குரூப், பால் சொசைட்டி குரூப்னு ஒரு ஆள் இருபது குரூப்ல இருக்காங்க, அதுல எல்லாம் உங்க நம்பர் தெரியும், ப்ரைவசில மாத்தலன்னா போட்டோவும் தெரியும். ப்ரொஃபைல் போட்டோ, லாஸ்ட் சீன், ஸ்டேட்டஸ் மூணையும் "மை காண்டாக்ட்ஸ்" ஆக்குங்க, யார் உங்கள குரூப்ல சேர்க்கலாம்ங்கறதையும் அதே மாதிரி. ஷேர் மார்க்கெட் லாபம்னு தெரியாத குரூப்ல இழுத்துப் போடுற கும்பல் பாதி இதோட நின்னுடும்.

உங்க போட்டோவ எடுத்து வேற நம்பர்ல வச்சு "மாமி, நான் தான், போன் கேடாயிட்டு, இது புது நம்பரு, அவசரமா ஒரு இருபதாயிரம் போட்டு விடுங்க"ன்னு சொந்தக்காரங்களுக்கு மெசேஜ் போகும். வெளிநாட்ல பிள்ள இருக்க வீடுன்னா ஈசியா நம்பிடுவாங்க, இப்போ குரலயும் ஏஐ வச்சு அதே மாதிரி பண்றாங்க. இதுக்கு வீட்டுக்குள்ள ஒரு குறிச்சொல் வைங்க, வீட்டு ஆளுங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஏதாவது ஒண்ணு. பணம் கேட்டா அந்த வார்த்தைய கேளுங்க, இல்லன்னா பழைய நம்பருக்கே திருப்பி கூப்பிடுங்க. மகன சந்தேகப்பட்டுட்டோமேன்னு வருத்தப்பட ஒண்ணும் இல்ல, அவன் சந்தோஷப்படத்தான் செய்வான்.

ஆதார்

எல்லா இடத்துக்கும் முழு ஆதார அனுப்புற பழக்கத்த விடுங்க. மாஸ்க்டு ஆதார்னு ஒண்ணு இருக்கு, கடைசி நாலு நம்பர் மட்டும் தெரியும், ஆதார் தளத்துலயே டவுன்லோட் பண்ணலாம், லாட்ஜ்ல ரூம் போட எல்லாம் அது போதும். கன்னியாகுமரில லாட்ஜ், ஹோம்ஸ்டே நடத்துறவங்க இருந்தா நீங்களும் கஸ்டமர்கிட்ட அதையே கேட்டு வாங்குங்க, அடுத்தவங்க முழு ஆதார் உங்க போன் கேலரில கிடந்தா அது உங்களுக்கும் தலைவலி. பயோமெட்ரிக் லாக்கும் அதே தளத்துல இருக்கு, அத போட்டா உங்க ரேகைய வச்சு யாரும் பணம் எடுக்கவோ சிம் எடுக்கவோ முடியாது. ஒரே விஷயம், ரேஷன் கடைல ரேகை வைக்கப் போற அன்னைக்கு தொறந்து விட்டுட்டு போகணும், இல்லன்னா அங்க போய் முழிச்சிட்டு நிக்கணும்.

பேஸ்புக், இன்ஸ்டா

உங்க பேரையும் ஊரையும் சேர்த்து கூகுள்ல தேடுங்க, உங்க நம்பரயும் தேடுங்க. உங்க போட்டோவோட வேற ஐடி கிட்டினா அதுல போய் ரிப்போர்ட் அடிங்க, யார் மாதிரி நடிக்கிறாங்கன்னு கேட்டா "மீ" குடுங்க, தெரிஞ்சவங்களையும் அடிக்கச் சொல்லுங்க. ப்ரொஃபைல் லாக் 2020லயே இந்தியாவுக்கு வந்துட்டு, போடுங்க. பழைய போஸ்ட் எல்லாத்தையும் ஒரே அமுக்குல ஃப்ரெண்ட்ஸுக்கு மட்டும் ஆக்குறதுக்கு "லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்" இருக்கு. 2013ல எழுதின ஜாதி சண்டை கமென்ட் எல்லாம் இன்னும் அங்க தான் கிடக்கு, வேலை குடுக்கிறவனும் பொண்ணு குடுக்கிறவனும் இப்போ அத பாத்துட்டு தான் வர்றாங்க. பிள்ளைங்க ஸ்கூல் யூனிஃபார்ம்ல பேட்ஜோட நிக்கிற போட்டோ பப்ளிக்ல வேண்டவே வேண்டாம், எந்த ஸ்கூல், எந்த கிளாஸ், என்ன பேருன்னு ஒரே படத்துல சொல்லிட்ட மாதிரி.

வர்றத படிக்கத் தெரியணும்

எஸ்எம்எஸ் அனுப்புற பேருக்கு கடைசில ஒரு கோடு போட்டு ஒரு எழுத்து வரும், 2025ல இருந்து வருது. பி-ன்னா விளம்பரம், எஸ்-ன்னா சேவை, டி-ன்னா பணப் பரிவர்த்தனை, ஜி-ன்னா அரசாங்கம். பத்து இலக்க சாதா நம்பர்ல இருந்து "உங்க கேஒய்சி முடிஞ்சு போச்சு"ன்னு வந்தா அது பேங்க் இல்ல. பேங்க் தளம்னா இப்போ முகவரி "டாட் பேங்க் டாட் இன்"னு முடியணும், ரிசர்வ் பேங்க் 2025 அக்டோபர் கடைசிக்குள்ள எல்லாரையும் மாறச் சொல்லிட்டு.

ஏபிகே ஃபைல், இத தனியா சொல்லணும். வாட்சப்ல கல்யாண இன்விடேஷன்னு வரும், வண்டிக்கு ஃபைன்னு வரும், பிஎம் கிசான்னு வரும், பேருக்கு கடைசில "டாட் ஏபிகே"ன்னு இருக்கும். அது போட்டோவோ பிடிஎஃப்போ கிடையாது, ஒரு ஆப். இன்ஸ்டால் ஆன உடனே உங்க எஸ்எம்எஸ் எல்லாம் அவனுக்கு போகும், ஓடிபியும் சேர்த்து. அனுப்பினது சொந்த அண்ணனா இருந்தாலும் தொடாதீங்க, அண்ணன் போன் ஏற்கனவே மாட்டியிருக்கும், அதுவா தான் எல்லாருக்கும் அனுப்பிட்டு இருக்கும்.

பணம் வாங்குறதுக்கு யூபிஐ பின் தேவையே இல்ல. பின் கேட்டா பணம் உங்ககிட்ட இருந்து போகுதுன்னு அர்த்தம். தோவாளைல பூ விக்கிறவங்க ஆகட்டும், குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் விக்கிறவங்க ஆகட்டும், "மிலிட்டரில இருந்து பேசுறோம், மொத்தமா வேணும், அட்வான்ஸ் போட க்யூஆர் ஸ்கேன் பண்ணுங்க"ன்னு போன் வந்தா வச்சிருங்க.

வெளிநாட்டு வேலைன்னு ஃபேஸ்புக்ல வர்ற விளம்பரத்துக்கு பாஸ்போர்ட் காப்பி அனுப்புறதுக்கு முந்தி, வெளியுறவுத் துறையோட இமைக்ரேட் தளத்துல அந்த ஏஜென்ட் பேரு இருக்கான்னு பாருங்க. பதிவு பண்ணின ஏஜென்ட் சட்டப்படி வாங்கலாம்னு இருக்கது 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தான். டைப்பிங் வேலை, டேட்டா என்ட்ரி, தாய்லாந்துன்னு சொல்லி கூட்டிட்டு போய் மியான்மர், கம்போடியால மோசடி கேம்ப்ல அடைச்சு, நம்ம பையன்களையே அடுத்தவங்கள ஏமாத்த வைக்கிறாங்க. தப்பி வந்தவங்க கதை எல்லாம் பேப்பர்ல வந்துட்டு தான் இருக்கு, இந்திய அரசும் திரும்பத் திரும்ப எச்சரிச்சாச்சு.

போலீஸ் யூனிஃபார்ம்ல வீடியோ கால்ல வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்"னு சொன்னா சிரிச்சிட்டு கட் பண்ணுங்க, அப்படி ஒண்ணு நம்ம சட்டத்துலயே இல்ல. ரிட்டயர்டு டீச்சருங்க தான் நிறைய மாட்டுறாங்க, கௌரவத்துக்கு பயந்து வீட்ல கூட சொல்லாம கதவ சாத்திட்டு உக்காருறாங்க. வீட்ல பெரியவங்க இருந்தா இத ஒருக்க எடுத்து சொல்லி வைங்க.

ஒக்கி புயல் நேரத்துல, 2017 கடைசில, எவ்வளவு பொய் வந்துது போச்சுதுன்னு கடற்கரை ஊர்க்காரங்களுக்கு மறக்காது. இப்பவும் கடல் உள்வாங்குது, நாளைக்கு சுனாமின்னு வாய்ஸ் வந்துட்டே இருக்கும். கள்ளக்கடல் (திடீர்னு ஏறி வர்ற பெரிய அலை) எச்சரிக்கை உண்மையா பொய்யான்னு கடல் தகவல் குடுக்கிற மத்திய அரசு அமைப்பான இன்காய்ஸ் தளத்துலயும் கலெக்டர் பேஜ்லயும் பாத்துட்டு அனுப்புங்க. ஃபார்வர்டு பண்ணினா அது உங்க பேர்ல தான் அடுத்த போனுக்கு போகுது.

மாட்டிட்டா

பணம் போயிட்டுன்னா 1930. உடனே. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுறீங்களோ அவ்வளவுக்கு அந்த பணம் அடுத்த அக்கவுண்ட்டுக்கு தாவுறதுக்குள்ள நிறுத்த வாய்ப்பு உண்டு. கூப்பிடும்போ பணம் போன நேரம், தொகை, 12 இலக்க யூடிஆர் நம்பர் (அந்த பரிவர்த்தனைக்குன்னு உள்ள எண்), எந்த அக்கவுண்ட்டுக்கு போச்சு, இதெல்லாம் கையில இருக்கணும். வெக்கப்பட்டு சாட்ட அழிச்சிடாதீங்க, அது தான் சாட்சி, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. கூடவே பேங்குக்கும் சொல்லி புகார் நம்பர் வாங்குங்க. உங்க தப்பும் இல்ல, பேங்க் தப்பும் இல்லாம போன பணத்துக்கு மூணு வேலை நாளுக்குள்ள சொன்னா உங்களுக்கு நஷ்டம் கிடையாதுன்னு ரிசர்வ் பேங்க் 2017ல சொல்லிருக்கு. ஓடிபி நீங்களே குடுத்திருந்தா, சொல்ற வரைக்கும் போனது உங்க தலையில, சொன்னதுக்கு அப்புறம் போனா பேங்க் தலையில. அதனால அந்த புகார் நேரம் ரொம்ப முக்கியம்.

போட்டோவ மார்ஃப் பண்ணி மிரட்டினா ஒரு பைசா அனுப்பாதீங்க, அனுப்பினா அடுத்த நாள் இன்னும் கேப்பான். ஸ்டாப் என்சிஐஐன்னு ஒரு தளம் இருக்கு, படத்த அங்க ஏத்த வேண்டாம், உங்க போன்லயே அதுக்கு ஒரு குறியீடு உண்டாக்கி அது மட்டும் தான் போகும், அத வச்சு பேஸ்புக், இன்ஸ்டா மாதிரி அதுல சேர்ந்திருக்க கம்பெனிங்க அந்த படம் ஏறாம தடுக்கும். 18 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு டேக் இட் டவுன்னு தனியா இருக்கு. லோன் ஆப் மிரட்டலும் இதே வகை தான், காண்டாக்ட்ஸ் எடுக்கவே அவனுக்கு அனுமதி கிடையாது.

சைபர் கிரைம் டாட் கவ் டாட் இன்ல எழுத்துல புகார் குடுக்கலாம், பொம்பளப் பிள்ளைங்க சம்பந்தப்பட்டதுக்கு பேரு சொல்லாமலும் குடுக்க முடியும். நேர்ல போகணும்னா நம்ம மாவட்டத்துக்குன்னே தனி சைபர் கிரைம் போலீஸ் ஸ்டேஷன் இருக்கு. போலி ஐடிக்கு தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 66சி, ஆள் மாறாட்டம் பண்ணி ஏமாத்தினா 66டி, ரெண்டுக்கும் மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். புகார்ல உங்க நம்பர் யார் பேர்ல இருக்குன்னு கேட்பாங்க, அதுக்கு தான் முதல்ல எழுதின அந்த பேப்பர்.